தும்பாங் அங்கிள்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் ஏழு பேர். ஷா ஆலமில் இருக்கும் அந்தக் கிடங்கின் மேனேஜர், சீனர். அவர் பக்கத்தில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆள் விவகாரங்களைக் கவனிக்கும் மலாய்ப் பெண். சுவரோரம் சூப்பர்வைசர், நம் ஆள்தான், தலையைக் குனிந்து போனைத் தடவிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காராமல் கதவோரம் நின்றவன் செல்வம். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து பெர்மிட்டில் வேலைக்கு வந்தவன். மேசைக்கு இந்தப் பக்கம் என் தம்பி குணா. அவனுக்கு இடது கைப்பக்கம் நான். வலது கைப்பக்கம் அவர்.

அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பெயர் வேண்டாம். அவர் மகள் கண்ணில் இது பட்டால் வீண் வருத்தம். கிள்ளானில் எங்கள் அடுக்குமாடியில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததும் இல்லை. முகத்துக்கு நேரே அங்கிள். அந்தப் பக்கம் போனதும் தும்பாங் அங்கிள்.

இந்த ஊரில் ‘தும்பாங்’ என்ற மலாய்ச் சொல்லுக்கு இரண்டு உபயோகம் உண்டு. யாருடைய வண்டியிலாவது ஓசியில் ஏறிக்கொண்டு போவது தும்பாங். இரண்டு பேர் நின்று பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் நடுவே புகுந்து போகவேண்டி வந்தால், இடுப்பைக் கொஞ்சம் வளைத்து, வலது கையைத் தாழ்த்தி முன்னால் நீட்டி, வழி கேட்டுக்கொண்டு போவார்கள், அதற்கும் தும்பாங். மலாய்க்காரர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொண்ட பழக்கம். பார்க்க அழகாகவே இருக்கும்.

அவர் மாடிப்படியில் அப்படித்தான் போவார். பேச்சுக்குள்ளும் அப்படித்தான் வருவார். யாராவது எதையாவது சொல்லிக்கொண்டிருக்கும்போது அவருக்கு ஒன்று தோன்றிவிட்டால், உட்கார்ந்த இடத்திலேயே இடுப்பு வளையும், வலது கை தாழ்ந்து முன்னே வரும். “தும்பாங் மா, ஒரு வார்த்தை” என்பார். பேசிக்கொண்டிருந்தவர் தானாகவே நிறுத்திவிடுவார். வழி கேட்கிற மனிதரை யார் மறிப்பது? ஆனால் ஏறிக்கொண்டவர் இறங்கமாட்டார். நம் பேச்சில் உட்கார்ந்துகொண்டு, தான் போகவேண்டிய இடத்துக்கு அதை ஓட்டிக்கொண்டு போய்விடுவார். அதுவும் எப்படி? “நீ சொல்ல வர்றது எனக்குப் புரியுது மா” என்றுதான் ஆரம்பிப்பார். பிறகு நாம் சொல்ல வந்ததை அவர் சொல்வார். நாம் சொல்லியிருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது என்றுகூடத் தோன்றும். வீட்டுக்குப் போய் விளக்கை அணைத்துப் படுத்த பிறகுதான், நாம் சொல்ல வந்தது அதுவே இல்லையே என்று உறைக்கும்.

அவர் முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு பெரிய முதலாளிக்குக் கார் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, மெருகு போட்ட சப்பாத்து. சட்டையை நான்தான் தேய்த்துக் கொடுப்பேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு டோபிக் கடையில் இஸ்திரி போடுவது என் வேலை. வீட்டிலும் அக்கம்பக்கத்தாருக்குத் தேய்ப்பேன். சட்டையை வாங்க வரும்போதெல்லாம் கழுத்துப் பட்டையைத் தடவிப் பார்த்து, பாராட்டிவிட்டு, பழைய கதை ஒன்றை எடுப்பார்.

“ஓட்டுறது யாரும் ஓட்டுவான் மா. உள்ள போய் முதலாளியக் கூப்பிடுறதுதான் வேலை” என்பார்.

முதலாளி எங்காவது ஹோட்டலில் பெரிய ஆட்களோடு பேசிக்கொண்டிருப்பார். அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிடும். உள்ளே போய் அந்தப் பேச்சை நிறுத்தி அவரைக் கிளப்பிக்கொண்டு வருவது டிரைவர் பொறுப்பு. நிறுத்தாவிட்டாலும் திட்டு, நிறுத்திய விதம் சரியில்லை என்றாலும் திட்டு. அதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். பின்னாலிருந்து போகக்கூடாது, திடுக்கிடுவார்கள். கண் படுகிற இடத்தில் போய் நிற்கவேண்டும். எப்படிப்பட்டவனும் பேச்சுக்கு நடுவே ஓரிடத்தில் மூச்சு வாங்குவான். அந்த இடம் பார்த்து உள்ளே நுழைந்துவிடவேண்டும். மந்திரிமார் பேச்சையே நிறுத்தியிருப்பதாகவும், ஒருத்தர்கூட முகம் சுளித்ததில்லை என்றும் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பளபளப்பு வரும். எனக்கு அப்போது அது பெரிய வித்தையாகத்தான் பட்டது. நான் இரண்டாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கவுன்டருக்கு முன்னால் போய் நின்றாலே எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அந்த வித்தையால் நன்மை நடக்காமலும் இல்லை. ஒருமுறை கார் நிறுத்தும் இடத்துக்காக இரண்டாம் மாடி லோரிக்காரருக்கும் எங்கள் மாடி மணியத்துக்கும் தகராறு. லோரிக்காரர் கையில் ஸ்பேனர். மணியத்தின் மனைவி மேலேயிருந்து பதறிக்கொண்டு ஓடி வருகிறாள். எனக்கு அப்போதே ஆம்புலன்ஸ் சத்தம் காதில் கேட்க ஆரம்பித்துவிட்டது. அவர் நடுவில் வந்தார். இடுப்பு வளைந்தது, கை தாழ்ந்தது. “தும்பாங் தம்பி. இந்த ஸ்பேனர் எங்க வாங்கினீங்க? நல்ல இரும்பா தெரியுதே” என்றார். லோரிக்காரர் பழக்க தோஷத்தில் கடைப் பெயரைச் சொன்னார். இவர் விலை கேட்டார். அதையும் சொன்னார். பன்னிரண்டாம் நம்பர் கிடைக்குமா என்று கேட்டார். பத்து நிமிஷத்தில் இருவரும் கீழே சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மாதத்துக்கு அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஆனால் சண்டை நின்றதே தவிர, அந்த இடம் யாருடையது என்று யாரும் பேசி முடிக்கவில்லை. லோரி அங்கேதான் நின்றது. மணியம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் வெயிலில் நிறுத்தப் பழகிக்கொண்டார். ஸ்பேனரை யார் தூக்கியது, யார் விட்டுக்கொடுத்தது என்று அப்போது யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

அவர் வீட்டு ஆன்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆன்டி பேசியதில் பாதிதான் எங்களுக்குக் கேட்டிருக்கிறது. “நேத்து பாசார்ல அந்த மீன்காரன்...” என்று ஆரம்பித்து, தானே நிறுத்திக்கொண்டு கணவர் முகத்தைப் பார்ப்பார். மீதியை அவர் சொல்வார். அவர் சந்தைப் பக்கமே போயிருக்கமாட்டார். ஒருநாள் இருவரும் கோயிலுக்கு வந்துவிட்டு பிரிக்பீல்ட்ஸில் என் கடைக்கு எட்டிப் பார்த்தார்கள். எனக்கு மதிய இடைவேளை நேரம். பக்கத்துக் கடையில் உட்கார்ந்தோம். பரிமாறுகிற பையன் ஆன்டியிடம் என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்டான். “எனக்கு...” என்றார் ஆன்டி. “தே ஓ, சீனி குறைச்சு” என்றார் அவர், கையைத் தாழ்த்தி, அந்தப் பையனிடமும் அதே மரியாதையோடு. ஆன்டி அந்தப் பால் இல்லாத தேநீரைக் குடித்தார். அவர் கை கழுவப் போனதும் ஆன்டி என் பக்கம் சாய்ந்து, “எனக்கு ஐஸ் போட்ட பார்லின்னா ரொம்ப இஷ்டம். குடிச்சு வருஷக்கணக்கா ஆகுது” என்றார். ஒவ்வொரு சொல்லாக, அவசரப்படாமல். ஆன்டி ஒரு பேச்சை முழுசாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டார். அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தார்.

இனி குணா. குணா எதையும் நேராகச் சொல்லமாட்டான். மார்க்கெட்டில் யாரைப் பார்த்தாய் என்று கேட்டால், காலையில் பல் விளக்கியதிலிருந்து வருவான். சொல்லவேண்டியது கடைசியில்தான் வரும், ஆனால் வரும். எங்களுக்குப் பொறுமை இல்லாவிட்டாலும் அவனுக்கு உண்டு. யாராவது குறுக்கே பேசினால் சண்டை போடமாட்டான். “பரவால்ல, நீங்க சொல்லுங்க” என்று விட்டுவிடுவான். எங்கள் வீட்டில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த மரியாதை அது ஒன்றுதான். பெரியவர்கள் வாயைத் திறந்தால் நம் வாய் மூடிக்கொள்ளவேண்டும். அப்படியே வளர்ந்துவிட்டோம்.

அவன் அந்தக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். வாஷ் பேசின், டாய்லெட் பவுல் எல்லாம் பெட்டி பெட்டியாக உயர அலமாரிகளில் அடுக்கியிருப்பார்கள். ஒருநாள் வண்டி நிற்காமல் போய் அலமாரிக் கம்பத்தில் மோதிவிட்டது. மேல் தட்டு சரிந்தது. நல்ல வேளை, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பீங்கான் அத்தனையும் தூள்.

நடந்தது இதுதான். அதற்கு முந்தைய வாரமே பிரேக் மிதி தரைவரைக்கும் இறங்குகிறது என்று குணா சூப்பர்வைசரிடம் சொல்லியிருந்தான். செல்வம் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறான். சர்வீஸ்காரன் வருகிறவரைக்கும் பார்த்து ஓட்டு லா என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். குணா மேனேஜரிடம் சொல்லவேண்டியிருந்தது இவ்வளவுதான். சொன்னால் பழி இறங்கிவிடும். சொல்லாவிட்டால் அத்தனை பீங்கானும் அவன் தலையில்.

விசாரணைக்கு வரச் சொல்லி ஆபீசிலிருந்து போன் வந்தது. வீட்டு ஆள் ஒருவரை அழைத்து வரலாம் என்றார்கள். குணா இழுத்து இழுத்துப் பேசுவானே, கேட்கிறவர் எரிச்சல்பட்டுவிட்டால் என்ன செய்வது என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. முதலாளிமாரோடு பேசத் தெரிந்தவர் நம் அடுக்குமாடியில் ஒருவர்தான் என்று நான்தான் போய்க் கேட்டேன். அவர் உடனே சம்மதித்தார். தன் காரிலேயே எங்களை அழைத்துப் போனார். வழியெல்லாம் குணா அவருக்கு நடந்ததைச் சொல்லப் பார்த்தான். கூட்டரசு நெடுஞ்சாலையில் ஏறியபோது ஆரம்பித்தவன் ஷா ஆலம் வரும்வரைக்கும் பிரேக்குக்கு வந்து சேரவில்லை. “எனக்குப் புரியுது தம்பி, நீ கவலைப்படாத” என்று அவர் கண்ணாடியில் பார்த்துச் சொன்னார். குணா சரியென்று விட்டுவிட்டான்.

அந்த அறையில் பேச்செல்லாம் மலாயில்தான். நான் தமிழில் எழுதுகிறேன். மேனேஜர் குணாவைப் பார்த்து, என்ன நடந்தது, நீயே சொல் என்றார். அவர் கடுமையான ஆள் இல்லை. குணா வழக்கம்போல அன்றைக்குக் காலையில் மழை பெய்ததிலிருந்து ஆரம்பித்தான். அதற்கும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இதை நான் பலமுறை எனக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை, பெருமூச்சு விடவில்லை. மழை முடிந்து, வேலை தொடங்கி, பெட்டிகளை எடுத்து, குணா மெதுவாக விஷயத்துக்கு வந்தான்.

“ஓட்டுனது நான்தான் பாஸ். கம்பத்துல இடிச்சதும் நான்தான். ஆனா...”

அந்த இடத்தில் மூச்சு வாங்கினான்.

“மிந்தா மாஃப், பாஸ்” என்றார் அவர். இடுப்பு வளைந்து, வலது கை மேசை மேல் தாழ்ந்து நீண்டிருந்தது.

மிந்தா மாஃப் என்றால் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் என்று அர்த்தம். ஆனால் இங்கே லிஃப்டில் நுழைவதற்கும் அதுதான், வரிசையில் நிற்பவரிடம் நேரம் கேட்பதற்கும் அதுதான், குறுக்கே பேசுவதற்கும் அதுதான். துரைமார் சபையில் தும்பாங் என்பதைவிட அது இன்னும் உயர்ந்த மரியாதை என்பது அவர் கணக்கு. பிறகு அவர் பேசிய மலாயைக் கேட்கவேண்டும். தம்பி என்ன சொல்ல வருகிறான் என்றால், என்று எடுத்தார். சின்ன வயசிலிருந்து இந்தக் கம்பெனிச் சோறு சாப்பிட்டு வளர்ந்தவன், இதுவரைக்கும் ஒரு கண்ணாடி டம்ளரைக்கூட உடைத்ததில்லை, அன்றைக்கு எப்படி நடந்தது என்று அவனுக்கே தெரியவில்லை, மனம் நொந்து கிடக்கிறான், பாஸ் பெரிய மனது வைத்து வேலையை மட்டும் எடுத்துவிடக்கூடாது என்றார். ஒரு சொல் தடுக்கவில்லை.

மேனேஜர் முகம் இளகிவிட்டது. மலாய்ப் பெண்ணின் விரல்கள் மடிக்கணினியில் ஓடின. சூப்பர்வைசர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அன்றைக்கு முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினார்.

“அப்படித்தானே?” என்று மேனேஜர் குணாவைக் கேட்டார்.

குணா வலது பக்கம் திரும்பி அவரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நமக்காகப் பேச வந்த பெரியவரை, அந்நியர் முன்னால், இல்லை என்று எப்படிச் சொல்வது? “ஆமா பாஸ்” என்றான்.

எல்லாருக்கும் காப்பி வந்தது. வெளியே வந்தபோது செல்வம் தாழ்வாரத்தில் என்னை நிறுத்தினான். அவன் கண் கலங்கியிருந்ததா, ராத்திரி வேலை பார்த்த சிவப்பா என்று தெரியவில்லை. “கேட்டா சொல்லிப்புடலாம்னுதான் அக்கா வந்தேன். பெர்மிட்டு போனா போகட்டும்னு வந்தேன். கேக்கவே இல்லையே” என்றான். அந்த வாரமே அந்த ஃபோர்க்லிஃப்டுக்குப் பிரேக் மாற்றினார்கள் என்று பிறகு அவன்தான் போனில் சொன்னான்.

கடிதம் வந்தது. தொழிலாளி தரப்பு மன்னிப்புக் கேட்டுக்கொண்டதால் வேலை நீக்கம் இல்லை. உடைந்த பொருளின் மதிப்பை மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சம்மதம் என்று கையெழுத்துப் போடவேண்டும். அவர்தான் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு எங்களுக்கு வாசித்துக் காட்டினார். “பார்த்தியா மா. போலீசும் இல்ல, வேலையும் போகல” என்றார். அந்த மாஃப் எங்கிருந்து கடிதத்துக்குள் வந்தது என்று அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. குணா கையெழுத்துப் போட்டான். நான் அவருக்கு ஒரு பெட்டி ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

முதல் மாதச் சம்பளம் வந்தபோதுதான் அடி வயிற்றில் விழுந்தது. வீட்டு வாடகைக்கும் மோட்டார் சைக்கிள் தவணைக்கும் போக மிச்சம் எதுவும் இல்லை. டோபிக் கடைக்கு வரும் ஒரு வாடிக்கையாளர் சொல்லி, பிரிக்பீல்ட்ஸிலேயே ஒரு வக்கீல் ஆபீசுக்குப் போனோம். வக்கீல் ஆபீசுக்குத் தனியாகப் போகக்கூடாது என்று அவரும் கூடவே வந்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

வக்கீலுக்கு உதவியாக இருந்த பெண்தான் எங்களோடு பேசினாள். தமிழ்ப் பெண், சின்ன வயசு. என்ன நடந்தது என்று குணாவைக் கேட்டாள். குணா மழையிலிருந்து வந்தான். கம்பத்தில் இடித்தது நான்தான் என்றான். ஆனா என்றான்.

இடுப்பு வளைந்தது. கை தாழ்ந்தது. “தும்பாங் மா, தம்பி சொல்ல வர்றது...”

அந்தப் பெண் அவரைப் பார்த்துச் சிரித்தாள். “ஒரு நிமிஷம் அங்கிள். அண்ணன் முடிச்சிரட்டும். அப்புறம் உங்ககிட்ட வரேன்” என்றாள். நாற்காலியைக் கொஞ்சம் குணா பக்கம் திருப்பிக்கொண்டு, “சொல்லுங்க அண்ணே. ஆனான்னு நிறுத்திட்டீங்க” என்றாள்.

அவர் நிறுத்திவிட்டார். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இவ்வளவுதானா? கோபம் இல்லை, குரல் உயரவில்லை, அங்கிள் என்ற மரியாதை குறையவில்லை. இப்படி ஒரு பேச்சு உலகத்தில் இருந்திருக்கிறது. எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. குணா பிரேக் மிதியைப் பற்றி, சூப்பர்வைசர் சொன்னதைப் பற்றி, செல்வத்தைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னான். முடிவுவரைக்கும் சொன்னான். பக்கத்தில் அவர் அதையெல்லாம் முதல்முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

செல்வத்தை அழைத்து வர முடியுமா என்று அந்தப் பெண் கேட்டாள். பெர்மிட் முடிந்து அவன் ஊருக்குப் போய்விட்டான். அவன் நம்பரும் போகவில்லை. கடிதத்தை வாங்கி வாசித்தாள். ஒரு வரியில் விரல் நின்றது.

“மாஃப் கேட்டிருக்கீங்களே” என்றாள்.

“அது சும்மா பேச்சுக்குச் சொல்றது மா. குறுக்க பேசுறதுக்கு முன்னாடி சொல்லுவோம்ல” என்றார் அவர். குரலில் அந்தப் பழைய பளபளப்பு இல்லை.

“தெரியும் அங்கிள். நானும் அப்படித்தான் சொல்வேன். பேப்பர்ல ஏறிட்டா அது வேற மாதிரி ஆயிருதே.”

வழக்குப் போடலாம், ஆனால் கையெழுத்தும் இருக்கிறது, சாட்சியும் இல்லை, வேலை பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தை எதிர்த்து நிற்கவும் தயாராக இருக்கவேண்டும் என்று அவள் சொன்னாள். குணா யோசித்துச் சொல்கிறேன் என்றான். யோசிக்கமாட்டான் என்று எனக்குத் தெரியும். திரும்பவும் அவர் காரில்தான் வந்தோம். கிள்ளான் வந்த பிறகு அவர் சொன்னார், “படிச்ச பிள்ளைங்களுக்கு இப்பல்லாம் மரியாதை குறைஞ்சுபோச்சு மா. பெரியவன் பேசும்போது பாரேன்.” குணா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் அவருக்குச் சட்டை தேய்த்துக் கொடுப்பதை அந்த மாதத்தோடு நிறுத்தினேன். தோள்பட்டை வலி என்று சொன்னேன். அவர் தைலம் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனார்.

பிறகு ஆன்டி தவறிப்போனார். சுங்கை பூலோவில் இருக்கும் மகள் வந்து அவரை அழைத்துக்கொண்டு போய்விட்டாள். அடுக்குமாடியில் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் இன்னமும் ஸ்பேனர் கதையைச் சொல்லித்தான் சிரிக்கிறார்கள். நான் எழுந்து உள்ளே போய்விடுவேன்.

போன தீபாவளிக்கு முன்னால் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் அவரைப் பார்த்தேன். துணிக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார், இரண்டு கையிலும் பைகள். மகள் உள்ளே எதையோ விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆள் மெலிந்திருந்தார். சட்டை கசங்கியிருந்தது, அதைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது, என்னையே திட்டிக்கொண்டேன். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, “குணா எப்படி மா?” என்றார்.

அவரிடம் சொல்லவேண்டியதை இஸ்திரிப் பெட்டியோடு எத்தனையோ நாள் பேசிப் பார்த்திருக்கிறேன். “அங்கிள், அன்னைக்கு அந்த ரூம்ல நீங்க பேசுனதுல...” என்று ஆரம்பித்தேன்.

ஒரு பையைக் கீழே வைத்துவிட்டு வலது கையைத் தாழ்த்தினார். “தும்பாங் மா. நீ சொல்ல வர்றது எனக்குப் புரியுது. நன்றியெல்லாம் எதுக்கு? பக்கத்து வீட்டுக்காரன் இதுகூடச் செய்யலன்னா எப்படி?”

“ஒரு நிமிஷம் அங்கிள்” என்றேன். “நான் முடிச்சிடுறேன்.”

அவர் நின்றார். கடைக்காரப் பையன் மூன்று ஐம்பது, மூன்று ஐம்பது என்று காதுக்குப் பக்கத்தில் கூவிக்கொண்டிருந்தான். அவர் தலையைச் சாய்த்து, நான் சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த அத்தனையும் போய், ஒன்றே ஒன்றுதான் வாயில் வந்தது.

“குணா ஆனான்னு சொன்னான் அங்கிள். அது உங்க காதுல விழுந்துச்சா?”



“விழுந்துச்சு மா” என்றார். “அது விழுந்ததாலதான் உள்ள வந்தேன்.”

போகிறவர் காலில் படாமல் அவருடைய பையை நகர்த்தி வைத்தேன்.

“முதலாளி கார்ல பின்னாடி உட்கார்ந்து போன்ல பேசுவாரு. நான் முன்னாடி கேட்டுக்கிட்டே ஓட்டுவேன். அந்தப் பக்கம் எவனாச்சும் ஆமா பாஸ், தப்புதான் பாஸ்னு சொல்ற வரைக்கும் இவரு சும்மா இருப்பாரு. ஆனான்னு ஆரம்பிச்சான்னு வையி, கண்ணாடியில மூஞ்சி மாறுறத பார்ப்பேன். வண்டி ஆபீஸ் போய்ச் சேர்றதுக்குள்ள அவனுக்கு வேலை இருக்காது. ஒருத்தர், ரெண்டு பேர் இல்ல மா.” கீழே வைத்த பையை எடுத்துக்கொண்டார். “குணாவுக்கு வேலை இருக்குல்ல?”

“இருக்கு அங்கிள்.”

“அப்புறம் என்ன லா” என்றார். உள்ளேயிருந்து மகள் கூப்பிட்டாள். போய்விட்டார்.

பஸ்ஸில் வரும்போது முழுவதும் அந்த மேனேஜரின் முகத்தையே நினைத்துக்கொண்டு வந்தேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மழையில் தொடங்கிய ஒருவனுடைய பேச்சை உட்கார்ந்து கேட்ட மனிதர். ஆனாவுக்குப் பிறகு அந்த முகம் மாறியிருக்குமா, மாறியிருக்காதா? அதைப் பார்க்க எங்களுக்கு வாய்க்கவில்லை. அவர் பார்த்த முகம் வேறு யாருடையதோ. அதை வைத்து என் தம்பியை மடக்கிவிட்டார். திட்டலாம் என்றால் அந்த வேலை இருக்கிறதே, அது குறுக்கே வந்து நிற்கிறது.

குணா இப்போதும் அங்கேதான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். வண்டியில் ஏதாவது கோளாறு என்றால் வாயால் சொல்வதில்லை. ஓட்டாமல் இறங்கி நின்றுகொள்கிறானாம். வீட்டிலும் பேச்சு குறைந்துவிட்டது. என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் சோறு என்கிறான். இந்த மாதச் சம்பளத்தில் பிடித்தது போக, அவன் இன்னும் கட்டவேண்டியது பதினோராயிரத்து இருநூறு ரிங்கிட்.